முகவரி வழங்கும் பொறுப்பை எந்தப் பெட்டியிடம் ஒப்படைப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மூலைக் கடைவீட்டின் மூன்று தளங்களுக்கும் கணினி வலையமைப்பைப் புதிதாக அமைத்துத் தரும் வேலை அண்மையில் என்னிடம் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு கூட்டுறவுக் கழகத்தின் அலுவலகமும் மளிகைக் கடையும், முதல் மாடியில் கிளினிக்கும், இரண்டாம் மாடியில் முப்பது கணினிகளுடன் ஒரு டியூஷன் நிலையமும், பின்கட்டில் நிச்சயதார்த்தம், காதுகுத்து, பிறந்தநாள் என்று வாடகைக்குப் போகும் சிறு மண்டபமும் அந்தக் கட்டடத்தில் உள்ளன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் சேமிப்பும் மருத்துவமும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கூரையின்கீழ் நடக்கிற இடம் என்பதால், அங்கே வலையமைப்பு அரை நாள் நின்றால் அதன் தொல்லை ஒரு கடையோடு முடிவதில்லை.

நிர்வாகக் குழு கேட்ட கேள்வி எளியதுதான். கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும், வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வேலையை, இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரே தொடர்ந்து செய்யட்டுமா, புதிதாக வாங்கப்போகும் மூன்றாம் அடுக்கு சுவிட்ச் (கேபிள்களை இணைப்பதோடு வலையமைப்பின் பகுதிகளுக்கு நடுவே வழியும் காட்டும் பெட்டி) செய்யட்டுமா, அல்லது அதற்கென்றே ஒரு சிறு கணினியை வைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தபோது, எந்தப் பெட்டி முகவரியை வழங்குகிறது என்பதைக் காட்டிலும், எந்தப் போர்ட்டிலிருந்து (கேபிள் செருகும் துளையிலிருந்து) வரும் பதிலைச் சுவிட்ச் அனுமதிக்கிறது என்பதும், மின்சாரம் போய் வந்த பிறகு யாருடைய கையும் படாமல் எது எழுந்து நிற்கிறது என்பதும்தான் இந்த ஊருக்கு முக்கியம் என்று எனக்குப் பட்டது. மாலையில் இடியும் மழையும் வந்தால் மின்விசை விழுவது இங்கே வழக்கம். ஈப்போவிலிருந்து ஆளை வரவழைத்தாலும் அவர் வந்து சேர்வதற்குள் கிளினிக்கில் வரிசை வாசலுக்கு வந்துவிடும்.

டிஎச்சிபி வேலை செய்யும் விதத்தைத் தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதை, வைத்துச் சொன்னபோது குழுவில் இருந்த பெரியவர்களுக்கு உடனே விளங்கியது. விடியற்காலையில் ஆள் களத்தில் வந்து நின்று தனக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று கேட்பார். மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஒரு நிரையைச் சொல்வார். ஆள் அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்வார். எழுத்தரான கிராணி அதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்துகொள்வார். கணினியும் இதே நான்கு அடிகளில்தான் முகவரி பெறுகிறது: யாராவது வழங்குகிறீர்களா என்று கூவுகிறது, ஒருவர் ஒரு முகவரியை முன்வைக்கிறார், கணினி அதையே கேட்கிறது, வழங்குபவர் உறுதி செய்கிறார். கணினியின் கேள்வி, யூடிபி என்ற செய்தி அனுப்பும் முறையில், 67ஆம் எண்ணுக்குப் போகிறது, பதில் 68ஆம் எண்ணுக்கு வருகிறது.

இதில் உள்ள பலவீனம் அந்த முதற்கூவலிலேயே இருக்கிறது. அது அந்த வலையமைப்பின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் போகிறது. பதில் சொல்பவர் உண்மையான கங்காணியா, தொப்பி போட்டுக்கொண்டு வந்த அந்நியரா என்று பார்க்கக் கணினிக்கு வழியில்லை. பெரும்பாலும் முதலில் வந்த பதிலையே அது பிடித்துக்கொள்கிறது. 1985இல் வந்த பூட்பி நெறிமுறையின் மேல் கட்டப்பட்டு, 1993இல் முதல் வடிவம் பெற்று, இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தில் 1997ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2131 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு இது. அந்தக் காலத்தில் ஒரே கட்டடத்துக் கணினிகள் ஒன்றையொன்று நம்பின. வழங்குபவரை அடையாளம் சரிபார்க்கும் முறையொன்று 2001இல் ஆர்எஃப்சி 3118ஆக வெளிவந்தாலும் அது நடைமுறையில் வேரூன்றவில்லை. ஆகவே சரிபார்க்கும் வேலை நடுவில் நிற்கும் சுவிட்சின் தலையில்தான் விழுகிறது.

பழைய வலையமைப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது புரியும். ஒரு திங்கட்கிழமை காலை கிளினிக்கின் தாதி என்னை அழைத்து, "அண்ணே, லைனும் இல்லை, பிரிண்டரும் வரமாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தால், அன்று காலை இயக்கிய இரண்டு கணினிகளும் 192.168.0 என்று தொடங்கும் முகவரியில் இருந்தன. முதல் நாளிலிருந்து அணைக்கப்படாமல் இருந்த மூன்றாவது கணினியும் பிரிண்டரும் கட்டடத்தின் வழக்கமான 192.168.1 வரிசையிலேயே இருந்தன. முகவரி குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகத்தான் கிடைக்கிறது. குத்தகையைப் புதுப்பிக்கும் கணினி தனக்கு ஏற்கெனவே முகவரி தந்தவரிடமே நேராகக் கேட்கிறது. புதிதாக எழும் கணினிதான் எல்லோரையும் நோக்கிக் கூவுகிறது. எனவே புதிதாக எழுந்தவை மட்டுமே புதிய கங்காணியின் கையில் சிக்கின.

தவறான முகவரி பெற்ற கணினியில் 192.168.0.1இன் மேக் முகவரியை, அதாவது கருவியிலேயே பதிந்திருக்கும் வன்பொருள் எண்ணை, பார்த்து, அதே எண்ணைக் கீழ்த்தள சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடியபோது அது 17ஆம் போர்ட்டில் இருந்தது. அந்தப் போர்ட்டின் நீலக் கேபிளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், டியூஷன் நிலையத்தில் வெண்பலகைக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய ஒரு பழைய வீட்டு ரவுட்டரில் அது முடிந்தது. இணைய நுழைவுக்கான போர்ட்டில் செருக வேண்டிய கேபிள் உள் போர்ட்டுகளில் ஒன்றில் செருகப்பட்டிருந்தது. "பின்வரிசைக்கு வைஃபை எட்டலைன்னு வீட்டுல இருந்ததைக் கொண்டுவந்து மாட்டினேன் அண்ணே" என்றார் ஆசிரியர். அவர்மேல் குற்றமில்லை. சுவிட்சில் அதைத் தடுக்கும் வசதி இருந்தும் அதை இயக்காமல் விட்டிருந்த நாங்கள்தான் பொறுப்பு. இத்தகைய சிற்றூர்க் கட்டடங்களில் நான் பார்த்த போலி வழங்கிகள் எல்லாம் இப்படி நல்ல மனத்தோடு மாட்டப்பட்டவைதாம். ஆனால் கெட்ட மனத்தோடு மாட்டுபவர் தன்னையே நுழைவாயிலாகவும் இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் வழங்கியாகவும் அறிவித்துக்கொண்டு கிளினிக்கின் போக்குவரத்து முழுவதையும் தன் வழியே ஓடவிட முடியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நோயாளிகளின் விவரங்களை வைத்திருப்பவர்களுக்கு 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமைகளை விதிக்கும் நாட்டில், சுவிட்சை வாங்கிய நிலையிலேயே விட்டுவைப்பதற்குச் சாக்கு கிடையாது.

ரவுட்டரா, சுவிட்சா, தனிக் கணினியா

நிறுவனம் தந்த ரவுட்டரிலேயே டிஎச்சிபியை விட்டுவிடுவதற்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, தனிச் செலவில்லை, அணைத்துப் போட யாருக்கும் தெரியும். ஐந்து கணினியும் ஒரு பிரிண்டரும் உள்ள கடை என்றால் நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பொதுவாக அது ஒரே ஒரு முகவரி வரிசையை, அதிகம் போனால் விருந்தினர் வைஃபைக்கென இன்னொன்றைத்தான் தரும். கிளினிக்கின் கணினியும் மண்டபத்து விருந்தாளியின் கைப்பேசியும் ஒரே வரிசையில் உட்காரும். அதைவிட எனக்கு உறுத்தலானது வேறொன்று. ரவுட்டர் பழுதானால் நிறுவனத்தின் ஆள் வந்து புதியதை மாட்டிவிட்டுப் போவார். அவர் வேலை இணையம் வருகிறதா என்று பார்ப்பதோடு முடிகிறது. நாம் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் எழுதிவைத்த ஒதுக்கீடுகள் பழைய பெட்டியோடு போய்விடும்.

மூன்றாம் அடுக்கு சுவிட்ச் இந்தக் கட்டடத்துக்கு ஏற்றதாகத் தெரிந்ததற்குக் காரணம், வி-லேன்களாக, அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலையமைப்புகளாக, பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் அதனுள்ளேயே ஒரு நுழைவாயிலும் ஒரு முகவரித் தொகுப்பும் வைக்க முடிவதுதான். அலுவலகத்துக்கு 10, கிளினிக்குக்கு 20, டியூஷனுக்கு 30, மண்டபத்துக்கு 40 என எண்களைப் பிரித்தேன். (யூனிஃபை என்ற மலேசிய இணையச் சேவையின் இணைப்பில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்ற வி-லேன் எண்கள் புழங்குவதால் உள்ளே அவற்றைத் தவிர்த்தேன், அப்படித் தவிர்க்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, இரவு பத்து மணிக்கு அமைப்பைத் திறந்து பார்ப்பவருக்குக் குழப்பம் வேண்டாமே என்றுதான்.) இணையமே அறுந்து கிடந்தாலும் கிளினிக்கின் கணினி முகவரி பெற்றுப் பிரிண்டருக்கு அச்சிடும். சுவிட்சே செத்துப்போனால் முகவரி வழங்க ஆளில்லை என்பது உண்மைதான், ஆனால் சுவிட்ச் செத்த கட்டடத்தில் முகவரியை வைத்துக்கொண்டு செய்வதற்கும் ஒன்றுமில்லை.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, வெளி ரவுட்டருக்கு 10, 20, 30, 40 வரிசைகள் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கின்றன என்று திரும்பும் வழியை எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் முகவரி கிடைக்கும், இணையம் கிடைக்காது. சில வீட்டு ரவுட்டர்கள் தங்கள் சொந்த வரிசைக்கு மட்டுமே முகவரி மாற்றம் (உள் முகவரியை இணைய முகவரியாக மாற்றுவது) செய்யும். அப்படியானால் நடுவில் ஒரு சிறு ரவுட்டரை வைத்தே ஆக வேண்டும், இங்கும் அதைத்தான் செய்தேன். இரண்டாவது, மூன்றாம் அடுக்கு சுவிட்ச் வி-லேன்களுக்கு நடுவே தானாகவே வழி திறந்துவிடும். தனித்தனி வரிசை கொடுத்தாயிற்று, பாதுகாப்பும் வந்தாயிற்று என்று நினைத்துவிட்டால், மண்டபத்துக் கைப்பேசி கிளினிக்கின் கணினியைத் தட்டிப் பார்க்கலாம். மண்டபத்திலிருந்து உள் வரிசைகளுக்குப் போவதை மறுக்கும் விதிகளைக் கையோடு எழுதிவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிஸ்கோ வகைச் சுவிட்சுகள் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற கணக்கை, தனியாகச் சேமிக்கச் சொல்லாவிட்டால், தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். மின்சாரம் போனால் செக்ரோல் வெள்ளைத் தாளாகிவிடும். மீண்டும் எழுந்ததும் ஒரு முகவரியைப் புதிய ஆளுக்குக் கொடுக்கும் முன் அது அந்த முகவரிக்கு இரண்டு பிங் (யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பிப் பார்க்கும். பிங்குக்குப் பதில் சொல்லாதபடி தீயரண் வைத்துள்ள கணினி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால், முகவரி காலியாக இருப்பதாக நினைத்து வேறொருவருக்கும் கொடுத்துவிடும். புதிய ஆள் மோதலைக் கண்டு மறுத்துவிட்டால், சுவிட்ச் அந்த முகவரியை மோதல் பட்டியலில் ஒதுக்கிவைக்கும். நாமே அழிக்கும்வரை அது தொகுப்புக்குத் திரும்பாது. சில மாதங்களில் தொகுப்பு காரணமின்றிச் சுருங்குவதுபோலத் தோன்றினால் முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். கணக்கை வெளியே சேமிக்க ஏற்பாடு செய், அல்லது மோதல் பதிவை நிறுத்து என்றே அந்நிறுவனத்தின் ஆவணங்களும் கூறுகின்றன. நான் முதலாவதைச் செய்தேன்.

தனிக் கணினி வைப்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும், எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்று பின்னர் காட்ட வேண்டிய அலுவலகத்துக்கும் அதுவே சிறந்தது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் இரண்டு வழங்கிகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் வசதியும் இருக்கிறது. லினக்ஸில் செய்ய விரும்புபவர்கள், இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் சொல்லும் ஐஎஸ்சி டிஎச்சிபி மென்பொருளின் பராமரிப்பு 2022இல் முடிந்துவிட்டது என்பதையும், அதே அமைப்பின் கியா என்ற மென்பொருள் அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த முறையில் ஒவ்வொரு வி-லேனின் கூவலையும் சுவிட்ச் பிடித்து அந்தக் கணினிக்குக் கடத்த வேண்டும். அந்த ஒரு வரியை ஒரு வி-லேனில் எழுத மறந்தால் அந்தத் தளம் மட்டும் ஊமையாகிவிடும். எங்கள் கட்டடத்தில் இதை நான் விலக்கியதற்குக் காரணம் தொழில்நுட்பமல்ல. மேம்படுத்தவும் காப்புப் பிரதி எடுக்கவும் வேண்டிய இன்னொரு கணினியைக் குழு வாங்கும், முதல் ஆறு மாதம் கவனிக்கும், பிறகு அதன் மேல் கணக்குப் புத்தகம் அடுக்கப்படும்.

குத்தகைக் காலம்

பல கட்டுரைகள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. மண்டபம் உள்ள கட்டடத்தில் அது முடியாது. விண்டோஸ் சர்வர் தானாக வைக்கும் குத்தகை எட்டு நாள். சிஸ்கோ சுவிட்ச் வைப்பது ஒரு நாள். பாதிக் காலம் கடந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். கிடைக்காவிட்டால் எட்டில் ஏழு பங்கு கடந்ததும் யாரிடமாவது கிடைக்குமா என்று மீண்டும் எல்லோரையும் நோக்கிக் கூவும்.

சனிக்கிழமை இரவு நிச்சயதார்த்தத்துக்கு இருநூறு பேர் வந்து, ஆளுக்கொரு கைப்பேசியை வைஃபையில் சேர்த்தால், 254 முகவரிகளே உள்ள ஒரு வரிசையில் மீதம் இருப்பது ஐம்பத்துச் சொச்சம். குத்தகை ஒரு நாள் என்றால், விருந்தாளிகள் வாழையிலையை மடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்களின் முகவரிகள் ஞாயிறு இரவுவரை பூட்டியே கிடக்கும். ஞாயிறு காலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்குக் கிடைக்காது. பழைய வலையமைப்பில் ஞாயிறுதோறும் வந்த "வைஃபை ஸ்லோ" என்ற புகாரின் வேர் இதுதான். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது மண்டபத்துக்கு 192.168.40.0 தொடங்கி 510 கருவிகள் கொள்ளும் இரட்டை வரிசையைக் கொடுத்து, குத்தகையை இரண்டு மணி நேரமாக வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியைக் காட்டுகின்றன என்பதால், மேக் முகவரியை வைத்து விருந்தாளியைக் கட்டுப்படுத்தும் யோசனையைத் தொடக்கத்திலேயே கைவிட்டேன்.

அலுவலகத்திலும் கிளினிக்கிலும் இதற்கு நேர்மாறாக எட்டு நாள் வைத்தேன். அங்கே கருவிகள் மாறுவதில்லை. வழங்கி ஒரு மாலை முழுதும் செத்துக் கிடந்தாலும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் தங்கள் முகவரியோடு வேலையைத் தொடரும். குறுகிய குத்தகை முகவரியை மிச்சப்படுத்தும், நீண்ட குத்தகை பழுதைத் தாங்கும். ஆனால் நீண்ட குத்தகைக்கு ஒரு விலை இருக்கிறது; அது பாதுகாப்பை இறுக்கும்போதுதான் தெரியவரும்.

எவ்வளவு பாதுகாப்பு போதும்

முதற்படி டிஎச்சிபி ஸ்னூப்பிங். உண்மையான வழங்கி இருக்கும் திசையில் உள்ள போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று அறிவிக்கிறோம். மற்றப் போர்ட்டுகளிலிருந்து முகவரி முன்வைக்கும் பதிலோ உறுதி செய்யும் பதிலோ வந்தால் சுவிட்ச் அதை அங்கேயே வீசிவிடுகிறது. வெண்பலகைக்குப் பின்னால் இன்னும் பத்து ரவுட்டர்கள் தொங்கினாலும் அவற்றின் குரல் அந்தப் போர்ட்டைத் தாண்டாது. கூடவே, எந்த மேக், எந்த ஐபி, எந்த வி-லேன், எந்தப் போர்ட், எத்தனை நாள் குத்தகை என்ற பிணைப்பு அட்டவணையையும் அது எழுதிக்கொள்கிறது. போலி மேக் முகவரிகளைக் காட்டி எல்லா முகவரிகளையும் விழுங்கிவிடும் தாக்குதலில், கேட்பவரின் மேக்கும் கோரிக்கைக்குள் எழுதியிருக்கும் மேக்கும் வேறாக இருந்தால் அதையும் தடுக்கிறது.

இயக்கும் வரிசை முக்கியம்: முதலில் மேல்நோக்கிய போர்ட்டை நம்பகமாக்கி, பிறகு வி-லேன்களைக் குறிப்பிட்டு, கடைசியில் சுவிட்ச் முழுவதற்கும் இயக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் அடுத்த முறை முகவரி கேட்கும் யாருக்கும் கிடைக்காது. நான் வரிசையைச் சரியாகச் செய்தும் இரண்டாம் மாடியில் ஓர் இரவு முழுதும் ஒரு கணினிக்கும் முகவரி வரவில்லை. மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும், வழங்கி கிடைக்காதபோது தானே சூட்டிக்கொள்ளும் முகவரிதான் மீண்டும் மீண்டும் வந்தது. காரணம் 82ஆம் விருப்பத்தேர்வு. ஸ்னூப்பிங்கை இயக்கியதும் சிஸ்கோவின் மாடிச் சுவிட்ச் ஒவ்வொரு கோரிக்கையிலும் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பைத் தானாகச் சேர்க்கிறது. கீழே உள்ள, முகவரி வழங்கும் மையச் சுவிட்சோ, கடத்தியவரின் முகவரி வெறுமையாக இருக்க இந்தக் குறிப்பு மட்டும் இருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டு, ஒரு சத்தமும் போடாமல் கோரிக்கையை எறிந்துவிடுகிறது. மையத்தில் அதை நம்பச் சொல்லலாம், அல்லது மாடிச் சுவிட்சில் குறிப்பைச் சேர்க்காதே என்று சொல்லலாம். அந்தக் குறிப்பைப் படித்து முடிவெடுக்கும் வழங்கி இல்லாத கட்டடத்தில் இரண்டாவதே சுத்தம்.

போர்ட்டுக்கு இத்தனை கோரிக்கைகள் என்ற வேக வரம்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மேசைக் கணினிக்கு விநாடிக்கு 15 தாராளம். அதையே மண்டபத்தில் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும் போர்ட்டிலும் வைத்தால், மின்சாரம் திரும்பிய கணத்தில் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாகக் கேட்க, வரம்பு மீறியதாகச் சுவிட்ச் அந்தப் போர்ட்டையே அடைத்துவிடும். அடைத்த போர்ட்டைத் தானாக மீட்கும் வசதியை நாமே இயக்காவிட்டால் ஆள் வரும்வரை அது திறக்காது. ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு 100 வைத்து, மீட்சியை 300 விநாடிக்கு அமைத்தேன்.

ஸ்னூப்பிங் இல்லாத மலிவான சுவிட்ச் கையில் இருப்பவர்களும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. அணுகல் விதி எழுத முடிந்தால், மேசைப் பக்கத்துப் போர்ட்டுகளிலிருந்து 67ஆம் எண்ணை மூலமாகக் கொண்டு வரும் யூடிபி பொட்டலங்களை மறுத்துவிட்டால் போலி வழங்கி ஊமையாகிவிடும். பிணைப்பு அட்டவணை மட்டும் கிடைக்காது. மைக்ரோடிக் நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அதன் மென்பொருளின் 6.43 பதிப்பிலிருந்து, போர்ட்டுகளை ஒன்றுசேர்க்கும் பிரிட்ஜிலேயே ஸ்னூப்பிங் உண்டு. அந்நியன் ஒருவன் முகவரி வழங்கினால் எச்சரிக்கும் வசதி தனியாகவும் உண்டு. நிர்வகிக்க முடியாத சுவிட்சுக்கு மட்டும் மருந்தில்லை.

அடுத்த படி ஏஆர்பி (எந்த ஐபி எந்த மேக்கிடம் உள்ளது என்று கருவிகள் கேட்டறியும் முறை) சோதனையும் மூல முகவரிக் காவலும். பிணைப்பு அட்டவணையில் இல்லாத ஐபியைச் சொந்தம் கொண்டாடும் எந்தக் கருவியையும் இவை பேசவிடாது. கேட்க நன்றாக இருக்கும் இந்தப் படியில்தான் நான் அதிகம் தயங்கினேன். கையால் முகவரி எழுதிவைத்த பிரிண்டர், சிசிடிவி பெட்டி, கடையின் கல்லாக் கணினி எதுவும் அட்டவணையில் இருக்காது. இயக்கிய நிமிடத்தில் எல்லாம் துண்டிக்கப்படும். ஆகவே இந்தப் படிக்குப் போவதற்கு முன் அவற்றிலிருந்து நிலையான முகவரியை நீக்கி, அதே முகவரியை மேக் ஒதுக்கீட்டின் வழியே டிஎச்சிபியில் பெறும்படி மாற்ற வேண்டும். இதை எப்படியும் செய்வது நல்லது; யார் எந்த முகவரியில் என்பது அப்போது ஒரே இடத்தில் இருக்கும்.

பெரிய சிக்கல் இடியும் நீண்ட குத்தகையும் இங்கே சந்திப்பதுதான். பிணைப்பு அட்டவணையும் தற்காலிக நினைவில் இருப்பது. விசை விழுந்து சுவிட்ச் மீண்டும் எழும்போது அட்டவணை வெறுமையாக இருக்கும். நேரடியாகச் சுவிட்சில் செருகிய கணினி, இணைப்பு அறுந்து வந்ததை உணர்ந்து பெரும்பாலும் மீண்டும் கேட்டுவிடும். அட்டவணையில் பதிவும் ஏறிவிடும். ஆனால் கிளினிக்கின் முகப்பு மேசைக்கு அடியில், யுபிஎஸ் மின்சாரத்தில் ஓடும் ஐந்து போர்ட் குட்டிச் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு எதுவும் அறுந்ததாகவே தெரியாது. அது எட்டு நாள் குத்தகையைப் பிடித்துக்கொண்டு நான்காம் நாள்வரை யாரிடமும் எதுவும் கேட்காது. சுவிட்சோ அதை அறியாதவர் என்று வாயடைத்துவிடும். எல்லா விளக்குகளும் பச்சையாக மின்ன, அந்த ஒரு மேசை மட்டும் செத்துக் கிடக்கும். இதற்குத் தீர்வு, அட்டவணையைச் சுவிட்சின் நிரந்தர நினைவிலோ வேறு கணினியிலோ சேமிக்கச் சொல்வது. மாற்றம் நிகழ்ந்து 300 விநாடிக்குப் பிறகு எழுதுவது அதன் வழக்கம். சேமித்த குத்தகைகளின் காலாவதி கடிகாரத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், நேர ஒத்திசைவும் கட்டாயம். மின்கலக் கடிகாரம் இல்லாத, சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் சுவிட்ச் ஒன்று எழுந்ததும் 1993 மார்ச் 1 என்று நாளைக் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

802.1எக்ஸ் முறையில் ஒவ்வொரு கருவியும் அடையாளம் காட்டி நுழையும் ஏற்பாட்டை இந்தக் கட்டடத்துக்கு நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கும் தனி வழங்கி வேண்டும், ஆளும் வேண்டும். இன்னொன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்: மேலே சொன்னவை எல்லாம் ஐபி நான்காம் பதிப்பை மட்டுமே காக்கும். ஆறாம் பதிப்பில் போலி ரவுட்டர் தன்னை அறிவித்துக்கொள்வதைத் தடுக்க ஆர்எஃப்சி 6105இல் சொல்லப்பட்ட தனிக் காவல் உண்டு. சுவிட்சில் அது இருந்தால் மேசைப் போர்ட்டுகளில் அதையும் இயக்கிவிடலாம்.

குழுவிடம் கொடுத்த முடிவு

முகவரி வழங்கும் வேலை மையச் சுவிட்சுக்கு. ஸ்னூப்பிங் எல்லா வி-லேன்களிலும், 82ஆம் குறிப்பு இல்லாமல். ஏஆர்பி சோதனை கிளினிக்கின் வி-லேனில் மட்டும், அதுவும் ஒரு மாதம் அட்டவணையைக் கவனித்த பிறகு. அந்தக் குட்டிச் சுவிட்சை நீக்கி, முகப்பு மேசைக்கு நேரடிக் கேபிள் இழுத்த பிறகு. மையச் சுவிட்சுக்கும் மாடிச் சுவிட்சுகளுக்கும் யுபிஎஸ். கணினிகள் சுவிட்சைவிட வேகமாக எழுந்து, கேட்டு, பதில் வராமல் 169.254க்குப் போய்விடும் தொல்லையில் பாதி இதனால் குறையும். மீதிப் பாதி, மேசைப் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்டை இயக்கியதால், போர்ட் திறக்கும் முன் காத்திருக்கும் 30 விநாடி நீங்கிக் குறைந்தது. அப்படியும் ஒன்று தவறினால் விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே மீண்டும் கேட்கும் என்பதைப் பணியாளர்களிடம் சொல்லிவைத்தேன். கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருகாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு கருவி இந்த ஒழுங்குக்குள் வரவில்லை. மளிகைக் கடையின் கல்லாக் கணினியில் முகவரியை மாற்றினால் மென்பொருளின் உரிமம் செல்லாது என்று அதை விற்றவர் சொல்லிவிட்டார். அதை நம்புவதா இல்லையா என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. அந்த முகவரியை வழங்கும் தொகுப்பிலிருந்து விலக்கி, அதன் மேக், ஐபி, வி-லேன், போர்ட் நான்கையும் சுவிட்சில் கையாலேயே பிணைத்துவிட்டு, அதே நான்கையும் ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.